பெயின்ட் டின்னுக்குள் அம்மாவின் குரல்

பிப்ரவரி 4

அன்புள்ள டிரான்சிஸ்டருக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் ஆவலை மட்டும் எடுத்துக்கொள்.

"போன் பண்ணாதீங்க. போன்ல பேசினா சிரிக்க வெச்சுடுவீங்க, நான் சொல்ல வந்தது மறந்துடும். எதுவா இருந்தாலும் எழுதுங்க" என்று போன வருஷம் பெட்டியும் கையுமாக வாசலில் நின்று சொன்னாயே, அந்த உத்தரவை மீறவில்லை. கடிதம் எழுதுவதில் நான் எப்படிப்பட்ட புலி என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் 'உன் நண்பனுக்குக் கடிதம் எழுதுக' என்று கேட்டதற்கு, 'அவன் பக்கத்து பெஞ்சில்தான் இருக்கிறான், எழுத அவசியமில்லை' என்று எழுதி முட்டை வாங்கியவன். இப்போது அவசியம் வந்துவிட்டது.

போன மாதம் 'ரேடியோவுக்கு சிக்னல் கொஞ்சம் வீக், பயப்பட வேண்டாம்' என்று உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நீயும் 'சரி, கஷாயம் வெச்சுக் குடுங்க' என்று பதில் போட்டாய். அம்மாடி, அது சளி இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொல்கிறார். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அன்றைக்கே உடைத்துச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தமாஷாகச் சொன்னால் சின்ன விஷயமாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது. தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில், அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா "பேஷண்ட் பேரு?" என்று கேட்டான். முப்பது வருஷமாக அவளைக் கூப்பிட்டுப் பழகிய பட்டப்பேர்தான் என் வாயில் வந்தது, "ரேடியோ". அவன் ஏற இறங்கப் பார்த்தான். அந்தக் களேபரத்திலும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சிரித்துவிட்டார். அப்படியே அச்சடித்து மணிக்கட்டில் பட்டையும் கட்டிவிட்டார்கள். நர்ஸ்கள் எல்லாம் "ரேடியோம்மா, ஊசி போடலாமா" என்று கொஞ்சினார்கள். வீட்டுக்கு அனுப்பும் வரைக்கும் அதே பேர்தான். மாற்றச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இப்போது வீட்டில் கிடக்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறது. "ரூம்ல எப்பவும் யாராவது பேசிட்டே இருக்கணும் சார். காதுல பேச்சு விழ விழத்தான் மூளைக்கு வழி தெரியும்" என்றது. பேசுவதற்கு என்னை விட்டால் யார்? ஆனால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வரவில்லை. முப்பது வருஷத்தில் இது முதல் தடவை. ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெயின்ட் கடை முதலாளிதான் வழி சொன்னார். "உன் பொண்ணு புத்தகம் படிக்கிற வேலைதானேய்யா பாக்குது? அதையே போட்டு விடேன்" என்று என் போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கடைசியாக நீ வாசித்த பெரிய நாவல். அடிமைகளைப் பற்றியது. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுமாம். என் போனின் சத்தம் கொசுவுக்கே கேட்காது. காலியான ஒரு பெயின்ட் டின்னைக் கழுவி அதற்குள் போனைப் போட்டேன். கோவில் மணி மாதிரி கணீரென்று நீ பேசினாய். அம்மா தலையைத் திருப்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாகத் தலையைத் திருப்பியது அப்போதுதான்.

வந்துவிடு, கண்ணு. என்மேல் உள்ள கோபத்தையும் மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவா. இடம் இருக்கிறது.

அப்பா

*

பிப்ரவரி 14

அப்பாவுக்கு,

அந்தப் பெயரில் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்றே படித்தேன். ஒரு மாதம். அம்மா அங்கே அப்படிக் கிடந்த நாளெல்லாம் நான் இங்கே கடைக்குப் போயிருக்கிறேன், தோழிகளோடு சினிமா பார்த்திருக்கிறேன், பால்கனியில் துணி காயப் போட்டிருக்கிறேன். கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உடனே கிளம்ப முடியவில்லை. இங்கே நான் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. தினமும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் தினமும் "வரிசைப்படிதான் வரும்" என்கிறாள். 

அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராமல் பாருங்கள். பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள். சாப்பாட்டை நன்றாக மசித்து, தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்கள்.

அந்த நாவலைப் போடாதீர்கள். உடம்பு முடியாதவர்கள் கேட்கிற கதை இல்லை அது. பாட்டுப் போடுங்கள். நான் வாசித்த குழந்தைக் கதைகள் இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள். இந்த ஒன்று மட்டும் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டீர்களா?

மகள்

*

பிப்ரவரி 24

அன்புள்ள மகளுக்கு (பேர் மாற்றியாயிற்று, கவனி),

நீ சொல்வதற்கு முன்பே பாதி ஓடிவிட்டது. நிறுத்திப் பார்த்தேன். பாட்டுப் போட்டேன். அம்மா இடது கையால் கட்டிலைத் தட்டுகிறாள். நாவலைப் போட்டால் தட்டுவது நின்றுவிடுகிறது. நான் என்ன செய்ய? உனக்குப் பயப்படுவதா, உன் அம்மாவுக்குப் பயப்படுவதா? இரண்டு பக்கமும் அடி வாங்க நான் மத்தளம் இல்லையே.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டில் அவளோடு கேட்பதுபோக, கடையிலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். அடிமை, காலனி எல்லாம் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். முதலில் வருகிற வெள்ளைக்காரன் கப்பலைப் பழுது பார்க்க நாலு நாள் இடம் கேட்கிறான் பார், அது நம் எதிர்வீட்டுக்காரர் ஏணி கேட்ட மாதிரியே இருந்தது. ஏணி இன்னும் திரும்பி வரவில்லை. அங்கே ஊரே திரும்பி வரவில்லை. கப்பலின் அடித்தட்டில் ஆட்களை அடுக்கி வைத்துக் கொண்டுபோகிற இடம் வந்தபோது நான் குடோனில் டின் அடுக்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த டின்னைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கரும்புத் தோட்டத்துக் கங்காணி இருக்கிறானே, பிரமாதமான ஆள். எல்லாரும் சவுக்கைத் தூக்கும்போது இவன் மட்டும் கை ஓங்குவதே இல்லை. சிரிக்க வைத்தே வேலை வாங்குகிறான். கப்பலில் வந்த அந்தப் பெண் கரும்பு வரிசைகளுக்குள் குழந்தைகளிடம் தன் பாஷையில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று அவளுக்குக் 'கிளி' என்று பேர் வைக்கிறான். மொத்தத் தோட்டமும் சிரிக்கிறது. நானும் சிரித்துவிட்டேன். முதலாளி என் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "யோவ், இவன் உன்னை மாதிரியே பேசுறான்யா! அந்தத் தொண்டைச் செருமல்கூட உன்னுதுதான்" என்றார். பெருமையாக இருந்தது. எல்லா வேஷத்துக்கும் குரல் தேடும்போது அப்பாவை நினைத்துக்கொண்டாயே என்று. கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னேன்.

அதைவிட ஒன்று. அந்தக் கிளி பேசும்போது உன் அம்மா பேசுகிறாள். உன் அம்மாவின் பழைய குரல். கல்யாணமான புதிதில் இருந்த குரல். ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது கொஞ்சம் மேலே தூக்கி விடுவாளே, அது. எனக்கே மறந்துபோயிருந்தது. அப்போது ஒரு வாடிக்கைக்காரருக்கு வெள்ளையில் சாம்பல் கலந்துகொண்டிருந்தேன். ஒரு சொட்டு கறுப்பு விடவேண்டிய இடத்தில் கவனம் தப்பி ஊற்றிவிட்டேன். பக்கெட் முழுக்கப் போயிற்று. கறுப்பைக் கலக்கலாம், கலந்ததை எடுக்க முடியாது.

அம்மாவுக்கு வலது கண் தானாகவே வடிந்துகொண்டிருக்கும். அது நோய். கிளி பேசும்போது இடது கண் வடிகிறது.

இப்போது கொஞ்சம்தான் மிச்சம். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆகிறது? முன்கூட்டியே சொல்லிவிடு. கெட்டதாக இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

பி.கு. பட்டையை ஏன் கழற்ற வேண்டும்? நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால் உதவும்.

*

மார்ச் 6

அப்பாவுக்கு,

நீங்கள் பெருமைப்பட்டீர்கள். அதைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

ஆமாம், அது நீங்கள்தான்.

ஒலிப்புத்தகம் வாசிக்கும்போது பாத்திரங்களுக்கு ஒவ்வொரு குரல் வைத்துக்கொள்வோம். கங்காணிக்குக் கடுமையான குரல் வேண்டும் என்றார் பதிவு செய்கிறவர். பல்லைக் கடித்துப் பேசிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. அந்த ஆள் யாரையும் அடிப்பதில்லை. அவனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அவன் வந்தாலே எல்லாருக்கும் சந்தோஷம். யார்மீது அவன் சிரிக்கிறானோ அந்த ஒருத்தியைத் தவிர. அப்படி ஒரு மனிதரை எனக்குத் தெரியும். தொண்டையைச் செருமினேன். ஒரே தடவையில் பதிவாயிற்று. கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "இவன்தாங்க, இவனேதான்" என்றார்.

எனக்கு ஒன்பது வயது. அம்மா எனக்கு நூலகப் புத்தகம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு திருடன் வருவான், ஒரு கழுதை வரும், எல்லாவற்றுக்கும் அவளிடம் குரல் இருந்தது. உங்கள் நண்பர்கள் நாலைந்து பேரோடு உள்ளே வந்தீர்கள். அம்மா பாதி வரியில் இருந்தாள். நீங்கள் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் காற்றில் விரலை வைத்து, குமிழைத் திருகுவது போலத் திருகினீர்கள். "ரேடியோ ஆஃப்!" டொக் என்று நாக்கில் சத்தம் வேறு. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்தான் அதிகம் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள்.

அப்புறம் நானும் செய்ய ஆரம்பித்தேன். அத்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாரும். அவள் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் யாராவது ஒருவர் விரலைத் திருகுவார்கள். கொஞ்ச நாள் உதட்டை மட்டும் அசைத்துச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் இல்லை. டாக்டர் உங்களிடம் பேச்சு ஜனவரியில்தான் போயிற்று என்று சொல்லியிருப்பார். அவருக்கு என்ன தெரியும்?

போன வருஷம், வங்கி வேலையை விட்டுவிட்டுப் புத்தகம் வாசிக்கப் போகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு ரேடியோவை நிறுத்தவே நான் பட்ட பாடு போதாதா, இப்ப இன்னொண்ணா?" மாமா புரையேறச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், எழுந்து போய்ப் பெட்டி அடுக்கினேன். நீங்கள் இன்னும் என் வேலையைக் கேலி செய்ததற்காகக் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முடிவைக் கேட்டீர்கள். சொல்கிறேன். அடிமை முறை ஒழிந்தது என்று ஒரு நாள் அரசாங்கம் அறிவிக்கிறது. தோட்டத்தில் ஒரு மேஜை போட்டு, எல்லாரும் வரிசையில் வந்து தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். கிளி மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பேசாமலே இருந்து இருந்து அவளுக்கு அந்தப் பெயர் வரவில்லை. அது தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. எழுதுகிறவன் பேனாவோடு காத்திருக்கிறான். பின்னால் வரிசை நகரச் சொல்லித் தள்ளுகிறது. கங்காணி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். "எழுதுங்க துரை, கிளி." அதுதான் எழுதப்படுகிறது. விடுதலைப் பத்திரத்திலும் அதுதான், புதைத்த இடத்திலும் அதுதான்.

நீங்கள் மணிக்கட்டுப் பட்டையைப் பற்றித் தமாஷாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் போடாதீர்கள் என்றேன். அம்மா இதை, என் வாயால், அவள் குரலிலும் உங்கள் சிரிப்பிலும் கேட்க வேண்டாம்.

மகள்

*

மார்ச் 16

மகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை முடியவில்லை.

நான் என்ன கொலையா செய்தேன்? அவளை ஒரு நாள் கை நீட்டி அடித்திருக்கிறேனா? நீயே சொல்லு. ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருக்கிறேனா? இந்தத் தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறது. வெறுப்பிலா? பாசத்தில். எனக்கு என் அப்பா வைத்த பட்டப்பேர் 'மண்டு'. நான் செத்தா போய்விட்டேன்? சிரிக்கிறவனை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று உன் அத்தை சொல்வாள்.

இப்படியெல்லாம் எழுதிவிட்டுப் பார்க்கிறேன், இதுவும் அந்தக் கங்காணி குரலிலேயே கேட்கிறது. நீ நல்ல வேலைக்காரிதான், அம்மாடி. இனிமேல் நான் தொண்டையைச் செருமினால் எனக்கே திடுக்கென்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடி கடைசி அத்தியாயத்தைப் போடவில்லை. ஆனால் அவள் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மதியம், ஜன்னல் வெயில் அவள் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. "மீதி ஓடலடி, போன் மக்கர் பண்ணுது. முடிவை நானே சொல்றேன், கேளு" என்று எழுந்து நின்றேன். என் சொந்தச் சரக்கு. கிளி மேஜைக்கு வருகிறாள். கப்பல் சங்கு மாதிரி கணீரென்று தன் பேரைச் சொல்கிறாள். எழுதுகிறவனின் தொப்பி பறக்கிறது. கங்காணி பயந்து பின்னாலேயே போய்க் கரும்புப்பாகுக் கொப்பரைக்குள் விழுகிறான். ஈ மொய்க்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். கொப்பரையில் விழுந்ததை நடித்தே காட்டினேன். துணிக்கூடைக்குள் விழுந்து காலை ஆட்டினேன். இந்த வயதில்.

கூடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் பரவாயில்லை. அது கோபமில்லை. எதிர்பார்த்தது வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு கண்ணை மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பினாள்.

அன்றிலிருந்து என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். கரண்டியை உதட்டில் வைத்தால் உதடு பிரிவதில்லை. பயிற்சிக்கு வருகிற பெண் கொடுத்தால் இரண்டு வாய். அது வராத நாளில் அதுவும் கிடையாது. "என்ன சார் சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று அது என்னைக் கேட்கிறது. நல்லபடியாக முடிகிற கதை சொன்னேன் என்று சொன்னால் நம்புமா?

டாக்டர் இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுது. இந்த ஒரு தடவை நீ சொல்கிறபடி கேட்கிறேன்.

அப்பா

*

மார்ச் 25

அப்பாவுக்கு,

முடிவைக்கூட அவளிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். நீங்கள் சிரிப்பால் மூடினீர்கள், நான் பயத்தால் மூடினேன். அவள் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நாம் இருவரும் கடிதத்தில் பேசி முடிவு செய்துகொண்டிருக்கிறோம். அவள் கட்டிலைத் தட்டிக் கேட்டிருக்கிறாள். வேறு எப்படிக் கேட்பாள்?

கடைசி அத்தியாயத்தைப் போடுங்கள். முழுவதும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் எதுவும் சொல்லாதீர்கள். முடிந்த பிறகும் எதுவும் சொல்லாதீர்கள். பட்டையைக் கழற்றுங்கள். அவளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பாஸ்போர்ட் அடுத்த வாரம் கைக்கு வரும் என்கிறார்கள். வந்த அன்றே டிக்கெட் எடுப்பேன். எனக்கு ஒரே ஒரு பயம்தான். நான் வந்து இறங்கும்போது நீங்கள் வாசலில் நிற்பீர்கள். ஏதாவது சொல்வீர்கள். அழுதுகொண்டு வருகிற நான் சிரித்துவிடுவேன். என்னால் அடக்க முடியாது, ஒன்பது வயதிலிருந்தே முடிந்ததில்லை. சிரித்துக்கொண்டே அம்மாவின் அறைக்குள் நுழைய எனக்கு வேண்டாம்.

மகள்

*

ஏப்ரல் 3

மகளுக்கு,

பட்டையைக் கத்தரித்துவிட்டேன். தோல் அந்த இடத்தில் வெளுத்திருக்கிறது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாய். கடைசியாக நான் அதைச் சொன்னது கல்யாணத்தன்று, போட்டோக்காரர் கேட்டபோது. நேரே போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. கடையில் டின் குலுக்குகிற மெஷின் ஓடும்போது சொல்லிப் பழகினேன். அந்தத் தடதடப்பில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். மெஷின் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"யாருய்யா அது?" என்றார் முதலாளி.

"என் வீட்டுக்காரி."

"அவங்க பேரு ரேடியோ இல்ல?"

இருபது வருஷமாக நம் வீட்டுக்கு வந்து போகிற மனிதர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

நேற்று மதியம் கடைசி அத்தியாயத்தைப் போட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டின்னைத் தலைமாட்டில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். நீ மேஜையைச் சொன்னாய், வரிசையைச் சொன்னாய். கிளி வாயைத் திறக்கிற இடத்தில் நீ ஒன்றுமே பேசாமல் விட்டிருக்கிறாய். மூச்சு மட்டும் கேட்கிறது. போன் நின்றுவிட்டதோ என்று நான் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். அப்போது என் தொண்டை செருமியது, டின்னுக்குள்ளிருந்து. "எழுதுங்க துரை, கிளி." அப்புறம் என் சிரிப்பு. தகரத்தில் பட்டு அறை முழுக்கப் போயிற்று. உன் சிரிப்பு இல்லை, நடிப்பு இல்லை. என்னுடையது. வெளியிலிருந்து கேட்டால் அது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

கதை முடிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. நீ சொல்லிவிட்டாய் என்பதற்காக இல்லை, சொல்ல எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பெயரைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். வேறு யாரோ அறைக்குள் வந்துவிட்ட மாதிரி, அவள் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் கதவையே பார்த்தாள். அந்தப் பெயரைச் சொல்கிறவன் நான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என் குரலில் அவள் அதைக் கேட்டு முப்பது வருஷம் ஆயிற்றே. மூன்றாவது தடவை சொல்ல எனக்கு நா எழவில்லை.

குழாய் போட்டாயிற்று. முன்பே எழுதியிருக்க வேண்டும். டாக்டர் அதிகம் நம்பிக்கை கொடுக்கவில்லை. இதைத் தமாஷாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நீ வருகிற நாளை முதலாளியின் நம்பருக்குச் சொல். நான் கடையில் இருப்பேன். வாசலில் நிற்கமாட்டேன். எதிர்வீட்டில் சாவி இருக்கும், ஏணியோடு சேர்த்து வாங்கிக்கொள் என்று எழுத வந்தது. வேண்டாம். சாவி இருக்கும், அவ்வளவுதான். நீ அவளோடு எவ்வளவு நேரம் இருக்க வேண்டுமோ இரு. கூப்பிட்டால் வருகிறேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். இன்று காலை கடைசி அத்தியாயத்தை மறுபடி வைத்தேன், அவள் தட்டிக் கேட்டாள். நீ பேசாமல் விட்ட அந்த இடம் வந்தது. அவள் உதடுகள் அசைந்தன. நிஜமாகத்தான். நீ எழுதியிருந்தாயே, சத்தமில்லாமல் படிப்பாள் என்று, அது போல. ஏதோ ஒன்றைச் சொல்கிறாள், சின்னதாக, திரும்பத் திரும்ப. என் காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். மூச்சுதான் பட்டது. போனை நிறுத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அப்புறம் என் கை தானாக அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் போயிற்று. விரலைக் காற்றில் வைத்து, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக, கூட்டுவதற்காகத் திருகிப் பார்த்தேன், அம்மாடி.

சத்தம் வரவில்லை.

அப்பா